கால் சென்டர் வேலைக்கு நியூட்ரல் ஆக்சென்ட்: தமிழ் நாக்கைப் பழக்கும் வழி

ஆங்கிலத்தில் ஆட்டுக்கும் மேற்சட்டைக்கும் வழங்கும் சொற்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டும் 'கோட்' என்றுதான் வரும். விலைக்கும் பரிசுக்கும் 'ப்ரைஸ்', ஏ.டி.எம். ரகசிய எண்ணுக்கும் குப்பைத் தொட்டிக்கும் 'பின்', மேற்குத் திசைக்கும் உள்சட்டைக்கும் 'வெஸ்ட்', காதுக்கும் ஆண்டுக்கும் 'இயர்'. தாளில் ஒன்றாகிவிடும் இந்தச் சொற்கள் நம்மில் பலருடைய நாக்கிலும் ஒன்றாகிவிடுகின்றன என்பதை, ஒரு வாடிக்கையாளர் மூன்றாம் முறையாக 'மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள்?' என்று கேட்கும்வரை நாம் உணர்வதில்லை. வாடிக்கையாளர் சேவைப் பணியில் 'நியூட்ரல் ஆக்சென்ட்' என்று எல்லாரும் கேட்பது ஏன், அதைத் தமிழ் பேசி வளர்ந்த ஒருவர் எப்படிப் பழகுவது என்பதை, சென்னையில் குரல் பயிற்சி வகுப்புகளை நடத்திய அனுபவத்திலிருந்து இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். நியூட்ரல் ஆக்சென்ட் என்பது அமெரிக்கரைப் போலப் பேசுவது அன்று. உலகில் சாயலே இல்லாத உச்சரிப்பு என்று ஒன்று கிடையாது. லண்டன் செய்தி வாசிப்பாளருக்கும் ஒரு சாயல் உண்டு, டெக்சாஸ் விவசாயிக்கும் ஒன்று உண்டு. தொழிலில் அந்தச் சொல்லுக்கு உள்ள பொருள் எளியது: கேட்பவர் எந்த நாட்டவராக இருந்தாலும், சொன்னதை முதல் முறையிலேயே பிடித்துக்கொள்ளும்படி பேசுவது. கனடாவில் ஆய்வு செய்த முர்ரே மன்ரோ, ட்ரேசி டெர்விங் ஆகிய இருவரும் 1995-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நல்ல அடித்தளம் தருகிறது. ஒருவருடைய பேச்சில் அயல்சாயல் பலமாக இருப்பது வேறு, அவர் பேசுவது புரியாமல் போவது வேறு என்று அவர்கள் காட்டினார்கள். சாயல் மிகுந்த பேச்சைக் கேட்டவர்கள் பல இடங்களில் ஒரு சொல் விடாமல் சரியாக எழுதிக்கொடுத்தார்கள். ஆகவே நம் வேலை சாயலை அழிப்பதன்று. சாயலில் புரிதலைக் கெடுக்கும் கூறுகள் எவை என்று கண்டுபிடித்து அவற்றை மட்டும் திருத்துவதே. அலுவலகங்களில் 'எம்.டி.ஐ.', அதாவது தாய்மொழித் தாக்கம், என்று தர மதிப்பீட்டுத் தாளில் குறிக்கும்போது எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதிலிருந்துதான் பயிற்சி தொடங்குகிறது.

இந்தத் தொழில் இந்தியாவில் பெரிதாக வேர்விட்டது 1997-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் குர்கானில் தன் சேவை மையத்தைத் தொடங்கிய காலத்தில்தான். 2000-ஐ ஒட்டிச் சென்னையிலும் தரமணி, அம்பத்தூர், பழைய மாமல்லபுரம் சாலை என்று மையங்கள் பெருகின. அந்தத் தொடக்க ஆண்டுகளில் முகவர்களுக்கு அமெரிக்கப் பெயர் சூட்டி, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் போட்டுக் காட்டி, மூக்கால் பேசப் பழக்கினார்கள். சுப்பிரமணியன் 'சாம்' ஆனார். இரண்டு நிமிடம் 'சாம்' ஆகவே பேசியவர், வாடிக்கையாளர் கோபப்பட்டதும் மூன்றாம் நிமிடத்தில் சுப்பிரமணியனாகத் திரும்பி வந்தார். போலிச் சாயல் பதற்றத்தில் கழன்று விழும். பேச்சு நடுவில் மாறும்போது எதிர்முனையில் இருப்பவருக்குப் புரியாமை மட்டுமல்லாமல் சந்தேகமும் வருகிறது. பின்னர் 2010-ஐ ஒட்டிக் குரல்வழிச் சேவையில் பிலிப்பைன்ஸ் இந்தியாவை முந்தியபோது, அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் உச்சரிப்பும் ஒன்று. போலி அமெரிக்கப் பேச்சைக் கைவிட்டு நியூட்ரல் ஆக்சென்ட்டைப் பெரும்பாலான நிறுவனங்கள் பிடித்துக்கொண்டது இப்படித்தான்.

தொலைபேசி எதைத் தின்கிறது

நேரில் பேசும்போது புரிகிற பேச்சு தொலைபேசியில் புரியாமல் போவதற்குக் காரணம் காது மட்டுமன்று, கருவியும்தான். மனிதக் காது வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். பழைய முறையிலான தொலைபேசி இணைப்போ 300 முதல் 3,400 அதிர்வுகள் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்துகிறது. 'ஸ்' என்னும் ஒலியின் பலம் பெரும்பாலும் 4,000 அதிர்வுகளுக்கு மேலே இருக்கிறது. அது வடிகட்டப்பட்டுவிடுவதால் 'ஸ்' எழுத்தும் 'ஃப்' எழுத்தும் எதிர்முனையில் ஒன்றுபோலக் கேட்கும். உதட்டசைவும் தெரியாது. தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் இருவருக்கு இடையிலேயே 'எஸ்-ஆ, எஃப்-ஆ?' என்ற கேள்வி எழுவது இதனால்தான். இணையவழி அழைப்புகளிலும் அகல அலைவரிசை இணைப்புகளிலும் இது குறைந்திருக்கிறது என்றாலும், கடன் அட்டையைத் தொலைத்துவிட்டுச் சாலையோரத்தில் நின்றுகொண்டு அழைப்பவரிடம் நல்ல இணைப்பை எதிர்பார்க்க முடியாது. கருவி ஏற்கெனவே பாதியைத் தின்றுவிட்ட பேச்சில் நாமும் பாதியை விழுங்கினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

முதலில் அழுத்தம், பிறகுதான் எழுத்து

பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லாரும் தனி ஒலிகளைத் திருத்தவே விரும்புவார்கள். நான் முதல் இரண்டு வாரம் அவற்றைத் தொடவே விடுவதில்லை. தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது. அசைகள் ஏறத்தாழ சமமான நேரம் எடுத்துக்கொண்டு வரிசையாக நடக்கின்றன. ஆங்கிலமோ ஓர் அசையைத் தூக்கி நிறுத்தி மற்றவற்றை மென்று விழுங்கும் மொழி. ஆங்கிலம் கேட்டு வளர்ந்த காது அந்தத் தூக்கிய அசையைக் கொண்டுதான் சொல்லை அடையாளம் காண்கிறது. எனவே எழுத்து ஒவ்வொன்றும் சரியாக இருந்து அழுத்தம் தவறான அசையில் விழுந்தால், கேட்பவர் வேறொரு சொல்லைத் தேடத் தொடங்கிவிடுவார்.

'ஹோட்டல்' என்ற சொல்லில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம். அழுத்தம் இரண்டாவதில் விழ வேண்டும். 'அக்கவுண்ட்' என்பதிலும் அப்படியே. முதலில் வரும் 'அ' பெயருக்கு மட்டும் வந்து போக வேண்டும். 'ரீஃபண்ட்' என்பது பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையிலும், 'பணத்தைத் திருப்பித் தருகிறோம்' என்று வினையாக வரும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறும். 'ரெக்கார்ட்' என்ற சொல்லுக்கும் இதே விதிதான். 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்று ஒரு நாளைக்கு அறுபது முறை சொல்லும் தொழிலில் இதைத் தவறாகச் சொல்லலாகாது. நம் தொழிலில் அடிக்கடி வரும் நீண்ட சொற்களுக்கு இரண்டு எளிய விதிகள் போதும். 'ஷன்' என்று முடியும் சொற்களில் அதற்கு நேர் முந்தைய அசை அழுத்தம் பெறும்: 'வெரிஃபிகேஷன்', 'கேன்சலேஷன்', 'ஆத்தரைசேஷன்' ஆகியவற்றில் முறையே 'கே', 'லே', 'சே'. 'இட்டி' என்று முடியும் சொற்களில் கடைசியிலிருந்து மூன்றாம் அசை: 'செக்யூரிட்டி'யில் 'க்யூ', 'எலிஜிபிலிட்டி'யில் 'பி'.

அழுத்தம் பெறாத அசைகளில் வரும் மங்கலான உயிரொலியை எப்படி எழுப்புவது என்று கேட்பார்கள். யோசித்துக்கொண்டே பேசும்போது, வாயைச் சரியாகத் திறக்காமல் 'அ... ம்' என்று இழுப்போமே, அந்த அரைகுறை 'அ'தான் அது. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுவே. பள்ளியில் எழுத்துக்கூட்டி ஆங்கிலம் படித்ததால், எழுதியிருக்கும் ஒவ்வோர் உயிரையும் முழுதாகச் சொல்லிப் பழகிவிட்டோம். சோம்பலாகச் சொல்லப் பழகுவதற்கும் உழைப்பு வேண்டியிருக்கிறது.

இந்த மங்கல் ஒலி தெரியாததால் நேரும் ஒரு விபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'என்னால் முடியும்' என்பதற்கு நாம் சொல்லும் 'கேன்' என்ற சொல்லை அமெரிக்கர் வாக்கியத்தின் நடுவில் 'க(ன்)' என்று மங்கலாகத்தான் சொல்வார். 'முடியாது' என்பதை அவர் முழு 'கேன்ட்' ஆகச் சொல்லி, கடைசி 'ட்'டைப் பெரும்பாலும் தொண்டைக்குள் நிறுத்திவிடுவார். ஆகவே நாம் தெளிவாக, முழுதாக, நல்ல எண்ணத்துடன் 'கேன்' என்றால் அவர் காதில் அது 'முடியாது' என்று விழக்கூடும். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னதற்கு வாடிக்கையாளர் ஏன் கத்துகிறார் என்று புரியாமல் விழித்த முகவர்களை நான் பார்த்திருக்கிறேன். மங்கல் ஒலி பழகும்வரை 'ஐ வில் பி ஏபிள் டு' என்றும், மறுக்கும்போது 'கேனாட்' என்று பிரித்தும் சொல்வதே பாதுகாப்பானது.

இலக்கணம் நாக்கில் இருக்கிறது

இனி ஒலிகளுக்கு வரலாம். சொல்லின் இறுதியில் வரக்கூடிய எழுத்துகள் இருபத்து நான்கு என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது; க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய்கள் அந்தக் கணக்கில் இல்லை, அவற்றின்மேல் ஏறிவரும் குற்றியலுகரம்தான் இருக்கிறது. அந்த இலக்கணத்தைப் படிக்காதவரும் அதற்குக் கட்டுப்பட்டே பேசுகிறார்: 'புக்' 'புக்கு' ஆகிறது, 'செக்' 'செக்கு' ஆகிறது, 'நெக்ஸ்ட்' 'நெக்ஸ்ட்டு' ஆகிறது. இந்த உகரம் ஆங்கிலம் மட்டும் கேட்டுப் பழகிய காதில் இன்னொரு சின்னச் சொல்லாக விழுகிறது. திருத்தும் வழி: மெய்யைச் சொல்லி முடித்ததும் நாக்கையோ உதட்டையோ பிரிக்காமல் அரை வினாடி அப்படியே வைத்திருங்கள். 'செக்' என்றதும் நாக்கின் பின்பகுதி அண்ணத்தில் ஒட்டியபடியே நிற்க வேண்டும். பிரித்தால்தான் உகரம் பிறக்கிறது.

அதைத் திருத்தப் போய்ச் சிலர் இறுதி மெய்யையே விட்டுவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். 'க்ளோஸ்ட்' என்பதன் கடைசி ஒலி போய்விட்டால், கணக்கு மூடப்பட்டுவிட்டதா, மூடச் சொல்கிறாரா என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. இறந்தகாலம் ஆங்கிலத்தில் அந்த ஒற்றை ஒலியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது சொல்லின் தொடக்கம். 'எட்டு' என்பதை 'யெட்டு' என்றும், 'ஒண்ணு' என்பதை 'வொண்ணு' என்றும் சொல்கிற வாய், 'எம்', 'எல்', 'என்' என்ற ஆங்கில எழுத்துப் பெயர்களையும் 'யெம்', 'யெல்', 'யென்' ஆக்கிவிடும். 'ஒன்லி' 'வோன்லி' ஆகும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் தொண்டையை ஒரு கணம் மூடித் திறந்து சொல்லிப் பாருங்கள், யகரமும் வகரமும் நுழைய இடமிருக்காது.

ஆடும் மேற்சட்டையும் ஒன்றாவதற்குக் காரணம் இரண்டு. தமிழில் ககரம் எங்கே வருகிறது என்பதைப் பொறுத்து வல்லொலியாகவோ மெல்லிய ஒலியாகவோ மாறுகிறதே தவிர, அந்த வேறுபாட்டால் பொருள் மாறுவதில்லை. ஆகவே அதைக் கவனிக்க நம் காது பழகவில்லை. இரண்டாவது காரணம் நுட்பமானது, பயிற்சியாளர்களே பல நேரம் சொல்லாமல் விடுவது. ஆங்கிலத்தில் அழுத்தம் பெற்ற அசையின் தொடக்கத்தில் வரும் 'ப', 'ட', 'க' ஆகியவற்றோடு ஒரு மூச்சுக்காற்று வெடித்து வெளியேறும். தமிழ்ப் பகரத்தில் அந்தக் காற்று இல்லை. காற்றில்லாத பகரத்தை ஆங்கிலக் காது மெல்லொலியாகவே எடுத்துக்கொள்ளும். ரகசிய எண் 'பின்' என்று நாம் சரியாகவே சொன்னாலும் குப்பைத் தொட்டி என்று கேட்பது அதனால்தான். மெல்லிய தாள் துண்டு ஒன்றை உதட்டுக்கு முன்னால் நான்கு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு 'பின்', 'பேமென்ட்', 'பாலிசி' என்று சொல்லுங்கள். தாள் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் நீங்கள் சொன்னது அவருக்கு வேறு சொல்.

விலையும் பரிசும் குழம்பாமல் இருக்க, 'ஸ்' என்று சொல்லிக்கொண்டே தொண்டையில் விரலை வைத்து, அதே நிலையில் குரலையும் சேர்த்து அதிர விடுங்கள். வண்டின் ரீங்காரம் போல வருவதுதான் வேண்டிய ஒலி. 'ஜீரோ' என்று நாம் ஜகரத்தில் தொடங்குவதும் இந்த ஒலி இல்லாததால்தான். வகரத்துக்குக் கண்ணாடி போதும்: உள்சட்டையைச் சொல்லும்போது மேற்பல் கீழுதட்டில் பட வேண்டும், மேற்குத் திசையைச் சொல்லும்போது உதடு குவிய வேண்டும், பல்லே தெரியக் கூடாது. 'கால் சென்டர்' என்னும்போது நாம் சொல்லும் 'கால்' உடம்பின் காலாக இருக்கிறது. ஆங்கிலத்தில் அங்கே உதடு சற்றுக் குவியும். நம் தொழிலின் பெயரையே நாம் தவறாகச் சொல்கிறோம் என்று வகுப்பில் சொன்னால் எப்போதும் ஒரு சிரிப்பு எழும்.

எதைத் தொடாமல் விடலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 'தேங்க்ஸ்' என்பதில் நம் தகரத்தைச் சொல்வதால் யாருக்கும் புரியாமல் போவதில்லை. பன்னாட்டு ஆங்கிலத்தில் புரிதலுக்கு இன்றியமையாத ஒலிகளைப் பட்டியலிட்ட ஜெனிஃபர் ஜென்கின்ஸும் அந்த ஒலியைப் பட்டியலுக்கு வெளியேதான் வைத்தார். குறில், நெடில் வேறுபாடு அந்தப் பட்டியலில் இருக்கிறது. அது நமக்குப் பிறவிச் சொத்து, கப்பலையும் ஆட்டையும் குறிக்கும் 'ஷிப்', 'ஷீப்' நம்மைத் தடுமாற வைப்பதில்லை. எழுதியிருக்கும் ரகரத்தை எல்லா இடத்திலும் ஒலிக்கும் நம் பழக்கம் அமெரிக்க வாடிக்கையாளரிடம் உதவியே செய்யும், பிரிட்டிஷ் செய்தியாளரைப் பார்த்து அதை விழுங்கப் பழக வேண்டாம். நாக்கை மடித்துச் சொல்லும் நம் டகரம் சாயலைப் பலமாகக் காட்டுமே தவிரப் புரிதலை அதிகம் கெடுக்காது. திருத்த விரும்பினால் எளிய வழி உண்டு: 'மீன்' என்று சொல்லி நிறுத்துங்கள்; நாக்கு நுனி எங்கே தொட்டிருக்கிறதோ அங்கிருந்தே 'ட்' என்று விடுங்கள். ஈழத்தமிழர் 'ரொறன்ரோ', 'ரெலிபோன்' என்று எழுதுவது நம் கண்ணுக்கு விநோதமாகத் தெரியலாம்; அந்த ஆங்கில ஒலிக்கு நாமெழுதும் டகரத்தைவிட அவர்கள் எழுதும் எழுத்துத்தான் நெருக்கமானது.

தொனி மரியாதையைத் தின்றுவிடும்

ஒலிகள் எல்லாம் சரியாக இருந்தும் 'முகவர் மரியாதைக் குறைவாகப் பேசினார்' என்று புகார் வருவதுண்டு. இதை விளக்க ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் பதிவு செய்த நிகழ்வைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. பிரிட்டன் விமான நிலையம் ஒன்றின் ஊழியர் உணவகத்தில் புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் முரட்டுத்தனமாக நடப்பதாகப் பேச்சு எழுந்தது. அவர்கள் அதிகம் பேசியதே இல்லை. இறைச்சிக்குக் குழம்பு வேண்டுமா என்று கேட்க வேண்டிய இடத்தில் 'கிரேவி' என்ற ஒற்றைச் சொல்லைக் குரலை இறக்கிச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆங்கிலேயர் அங்கே குரலை ஏற்றிக் கேள்வியாக எதிர்பார்த்தார்கள்; இறங்கிய குரல் 'இது குழம்பு, வேண்டுமானால் எடு' என்று அவர்களுக்குக் கேட்டது. ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டபிறகே இரு தரப்புக்கும் விஷயம் விளங்கியது.

தமிழில் மரியாதை விகுதியில் இருக்கிறது. 'சொல்லுங்க' என்பதில் குரல் ஏறினாலும் இறங்கினாலும் 'ங்க' தன் வேலையைச் செய்துவிடும். ஆங்கிலத்தில் அந்தச் சுமையைத் தொனியே சுமக்கிறது. 'உங்கள் பெயர்?' என்று கேட்கும்போது முழு வாக்கியமாகக் கேளுங்கள். இயலாத போது குரலையாவது ஏற்றி முடியுங்கள். வருத்தம் தெரிவிக்கும்போது மட்டும் குரலை இறக்கி, வேகத்தையும் குறையுங்கள். வருத்தத்தைத் துள்ளலான குரலில் சொன்னால் அது ஒப்பிப்பாகத்தான் கேட்கும். வேகத்துக்கு ஓர் அளவு வேண்டுமானால், 150 சொற்கள் கொண்ட ஒரு பத்தியைச் சரியாக ஒரு நிமிடத்தில் வாசித்துப் பழகுங்கள். முதல் முறை பெரும்பாலோர் நாற்பது வினாடியில் முடித்துவிடுவார்கள். சராசரி அழைப்பு நேரத்தைக் குறைக்கச் சொல்லும் அழுத்தம் அந்த வேகத்தை இன்னும் கூட்டுகிறது. வேகமாகச் சொல்லிவிட்டு இருமுறை திரும்பச் சொல்வதைவிட நிதானமாக ஒருமுறை சொல்வது குறைந்த நேரமே எடுக்கும் என்பதை நேரக் கணக்குப் பார்க்கும் டீம் லீடர்களுக்குப் புரிய வைப்பது தனிப் போராட்டம்.

பெயரும் எண்ணும்

ஓர் அழைப்பில் ஊகத்தால் சரிசெய்துகொள்ள முடியாதவை பெயர்களும் எண்களும்தான். மற்ற சொற்களைக் கேட்பவர் சூழலைக் கொண்டு நிரப்பிக்கொள்வார். எழுத்துகளைச் சொல்ல 1956 மார்ச் 1 முதல் வானூர்தித் துறையில் நடைமுறைக்கு வந்த ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா வரிசையை மனப்பாடம் செய்துவிடுங்கள். இருபத்தாறு சொற்கள், ஒரு மாலை போதும். பல மொழி பேசுவோர் மோசமான வானொலி இணைப்பிலும் பிரித்தறியும்படி சோதித்துத் தேர்ந்த சொற்கள் அவை. நாமாக 'எம் ஃபார் மெட்ராஸ்' என்றால் ஒஹையோவில் இருப்பவருக்கு மெட்ராஸும் ஒரு புதிராகவே நிற்கும். ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்தை நாம் 'இசட்' என்கிறோம். அமெரிக்கர் அதை 'சீ'க்கு நெருக்கமாக, ரீங்காரத்துடன் சொல்வார். மூன்றாம் எழுத்தோடு அது குழம்பாமலிருக்க 'ஸூலு' என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

'டபுள் ஃபைவ்', 'ட்ரிபிள் செவன்' என்பவை அமெரிக்கரிடம் வேண்டாம். ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லி, மூன்று மூன்றாக நிறுத்துங்கள். பதினைந்தும் ஐம்பதும் எந்தச் சாயலிலும் குழம்புபவை. 15 என்னும்போது அழுத்தத்தைக் கடைசி அசையில் வைத்து, 'ஒன், ஃபைவ்' என்றும் சேர்த்துச் சொல்வது பழக்கமாகிவிட வேண்டும். லட்சம், கோடி எதுவும் அங்கே செல்லாது.

பழகும் முறை

உதட்டசைவைச் சரிபார்க்க உதவுமே தவிர, கண்ணாடி முன் நின்று பேசிப் பழகுவதால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. தொலைபேசிக்கான பேச்சைத் தொலைபேசியில்தான் பழக வேண்டும். பத்து அயல்நாட்டுப் பெயர்கள், பத்துத் தெரு முகவரிகள், பத்துத் தொகைகளை எழுதிக்கொண்டு, உங்கள் பேச்சைக் கேட்டுப் பழகாத ஒருவரை அழைத்து அவற்றைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். மறுபடி கேட்க அவருக்கு அனுமதியில்லை. எழுதியதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஒப்பிட்டால், தவறு எந்த ஒலியில் குவிகிறது என்று அரை மணியில் தெரிந்துவிடும். நண்பரே தமிழராக இருந்தால் அவர் காது உங்களை மன்னித்துவிடும். ஒடியாவோ வங்காளமோ பேசும் அறைத்தோழர் கிடைத்தால் நல்லது.

தவறு தெரிந்தபிறகு, ஒரு வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் திருத்த முயலாதீர்கள். காலையில் பத்து நிமிடம் ஏதாவது ஓர் ஆங்கில வானொலிச் செய்தியைக் காதில் போட்டுக்கொண்டு, வாசிப்பவருக்கு அரை வினாடி பின்னால் நீங்களும் சொல்லிக்கொண்டே போங்கள். பொருளைக் கவனிக்காமல் ஏற்ற இறக்கத்தை மட்டும் பின்பற்ற வேண்டும். அமெரிக்காவின் குரல் வானொலி 1959-இல் தொடங்கிய மெதுவான ஆங்கில நிகழ்ச்சியின் பழைய பதிவுகள் தொடக்கத்துக்கு ஏற்றவை. நாள் முழுவதும் ஆங்கிலத்திலேயே பேசுவேன் என்று சபதம் எடுக்கிறவர்களும் உண்டு. தவறான உச்சரிப்பையே பத்து மணி நேரம் உருப்போடுவதில் என்ன இலாபம் என்று அவர்களிடம் கேட்பேன்.

வேலைக்கான நேர்காணலில் 'ஜேம்' என்று ஒரு சுற்று வைத்து, கொடுத்த தலைப்பில் ஒரு நிமிடம் பேசச் சொல்வார்கள். அங்கே தோற்பவர்களில் பெரும்பாலோர் கருத்து இல்லாமல் தோற்பதில்லை. இல்லாத அமெரிக்கச் சாயலை வரவழைக்கப் போய் மூன்றாம் வாக்கியத்தில் மூச்சு முட்டித் தோற்கிறார்கள். உங்கள் பெயரை உங்கள் ஊரில் சொல்வது போலவே சொல்லித் தொடங்குங்கள், நிதானமாகச் சொன்னால் போதும்.

தமிழிலேயே பேசும் உதவி எண்களில் பணிபுரிவோர் இதெல்லாம் தங்களுக்கு வேண்டாதது என்று நினைக்கக் கூடாது. 2004-இல் தொடங்கிய கிசான் கால் சென்டர் போன்ற சேவைகளுக்குத் தமிழகத்தின் எந்த மூலையிலிருந்தும் அழைப்பு வரும். அழைப்பவர் கொங்குத் தமிழிலோ நாஞ்சில் நாட்டுத் தமிழிலோ பேசலாம். முகவர் தம் வட்டாரச் சொல்லை விட்டுப் பொதுப் பேச்சுத் தமிழில் பதில் சொல்ல வேண்டும், ஆனால் அவருடைய சொல்லைத் திருத்தக் கூடாது. வெளிநாட்டிலிருந்து அழைக்கும் ஈழத்தமிழர் 'ஓம்' என்றால் 'ஆம்' என்று பொருள். 'கதைக்கிறேன்' என்றால் பேசுகிறேன் என்று பொருள். எழுத்துத் தமிழில் ஒப்பிப்பது நடுநிலை ஆகாது, அது இயந்திரம் பேசுவதாகவே கேட்கும்.

இத்தனைக்குப் பிறகும் 'ஆங்கிலம் தெரிந்த யாரிடமாவது கொடுங்கள்' என்று சொல்லும் வாடிக்கையாளர் வருவார். நீங்கள் பேசியது புரியாததால் சொல்கிறாரா, உங்கள் நாட்டைக் கேட்டதும் சொல்கிறாரா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். முதல் வகையென்றால், சொன்னதையே உரத்துச் சொல்லாதீர்கள். சொல்லை மாற்றுங்கள், வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள், எண் இருந்தால் இலக்கம் இலக்கமாகச் சொல்லி 'சரிதானா?' என்று கேளுங்கள். பெரும்பாலும் கோபம் அங்கேயே பாதி இறங்கிவிடும். இரண்டாவது வகையென்றால் அதற்கு எந்தப் பயிற்சியும் மருந்தில்லை. எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டால், நிறுவன விதி தடுக்காதவரை, சென்னை என்றே சொல்லுங்கள். பிறகு அதே குரலில், அதே வேகத்தில், அவருடைய கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கேளுங்கள். மறுபடியும் மறுத்தால் அழைப்பை டீம் லீடரிடம் மாற்றிவிட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த அழைப்பை எடுங்கள்.